மூன்றில் எதை விடுவது? நேயர் கேள்விக்கு விளக்கம்

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: "நான் எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை. கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கி எழுதுகிறேன். குழந்தை வளர்ப்பு, குடியேறியவர்களின் வாழ்க்கை, பருவநிலை, இந்த மூன்றும்தான் எனக்கு வருகிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்தான் பெயர் நிற்கும் என்கிறார்கள் எடிட்டர்கள். எதை விடட்டும்? எழுத ஆசைப்படும் என் தோழி ஒருத்தி ஹெச்-4 விசாவில், அதாவது கணவரின் ஹெச்-1பி வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கும் விசாவில், இருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?"

எதையும் விட வேண்டாம் சகோதரி. வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு என் பதில் இந்நேரம் தெரிந்திருக்கும். தலைப்பைத் தேடாதீர்கள், ஒரு வீட்டின் கதையைப் பிடியுங்கள். போன பேச்சிலும் இதையே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். வீட்டுக்குள் போய்விட்டால் இந்த மூன்றும் தனித்தனியாக இருக்காது.

2021 செப்டம்பர் 1 ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடா புயலின் மிச்சம் நியூயார்க்கில் கொட்டித் தீர்த்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம். அந்த நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் மணிக்கு 1.75 அங்குல மழையைத் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை. மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான். குவீன்ஸ் பகுதியில் பள்ளம் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் வீடு. நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் அப்படிப்பட்ட வீடுகளில்தான் போனார்கள். அவர்களில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு.

இதில் எது பருவநிலை, எது குடியேற்றம், எது குழந்தை வளர்ப்பு என்று பிரிக்க முடியுமா? காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழை இப்படி ஒரேயடியாகக் கொட்டுவதற்கு அது ஒரு காரணம். அந்த வீட்டில் ஏன் குடியிருந்தார்கள்? மேலே இருக்கும் வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகாது. வங்கிக் கணக்கு, முன்வாடகை, சம்பளச் சீட்டு எதையும் கேட்காமல் வீடு தருகிறவர் பெரும்பாலும் பேஸ்மென்ட்காரர்தான். அன்று தேசிய வானிலை சேவையின் வெள்ள எச்சரிக்கை போனுக்கு வந்தது, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டும். நேபாளியும் வங்காளமும் சீனமும் பேசும் தெருக்கள் அவை. அந்த மாதிரி வீடுகளில் போனை வாங்கிப் படித்துச் சொல்கிற ஆள் யார்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. கரண்ட் பில், டாக்டர் சீட்டு, பள்ளிக் கடிதம் எல்லாம் அந்தப் பிள்ளை வாய் வழியாகத்தான் அப்பா அம்மாவுக்குப் போய்ச் சேரும். ராத்திரி அந்தப் பிள்ளை தூங்கிவிட்டால் எச்சரிக்கையும் தூங்கிவிடும். இதற்காக மொழி மட்டும்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த வீடுகளிலும் அன்று உயிர் போனது. வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு வெளியே இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் நூறு கிலோவுக்கு மேல் பாரம். எந்த மொழி பேசினாலும் அதைத் தள்ளித் திறப்பது கஷ்டம்.

நம் ஆட்கள் வீட்டிலிருந்தே இன்னொன்று சொல்கிறேன். 2023 ஜூன் 7. கனடாவின் கியூபெக் காட்டுத்தீயின் புகை இறங்கி நியூயார்க், நியூ ஜெர்சி வானமே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. நியூயார்க்கில் காற்றின் தரக் குறியீடு, எண் ஏற ஏறக் காற்று மோசம் என்று காட்டுவது, 400-ஐத் தாண்டியது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு ஆஸ்துமா. அவர் ஈரத்துண்டைப் பிழிந்து ஜன்னல் இடுக்கில் ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தார். பேரன் அவருடைய இன்ஹேலரைக் காதருகே வைத்துக் குலுக்கி, இன்னும் எத்தனை தடவை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்கு ஒரே கவலை. விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கு எடுக்கிற காப்பீடு, பழைய நோய்க்குப் பெரும்பாலும் பணம் தராது. மூச்சுத் திணறினால் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போவதா, பில்லை நினைத்துப் பொறுப்பதா? கனடாவில் எரிந்த காடு, அமெரிக்க விசா, பேரப்பிள்ளை வளர்ப்பு எல்லாம் அந்த ஒரு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தன. இப்படி ஒரு வீட்டை எழுத உங்களை மாதிரி ஆள் வேண்டும்.

எடிட்டர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர்களுக்குப் பக்கம் பிரித்து வேலை. அதனால் கட்டுரையைப் பிரிக்காமல், அனுப்பும் கடிதத்தை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி எழுதுங்கள். பெற்றோர் பக்கத்துக்கு, வெள்ளம் வந்தால் பிள்ளைக்கு என்ன சொல்லி வைப்பது என்று தொடங்குங்கள். உள்ளூர்ச் செய்திப் பக்கத்துக்கு வாடகை, சுற்றுச்சூழல் பக்கத்துக்கு அந்த 1.75 அங்குலம். இதற்கு மேல் அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் பேச ஆசைப்படுகிறேன். அந்த வீட்டைப் பற்றி எதை எழுதக் கூடாது?

பேஸ்மென்ட் வீடுகளில் பல அனுமதி இல்லாதவை. யாராவது புகார் கொடுத்து அதிகாரி வந்து பார்த்தால், உடனே காலி செய்யச் சொல்லும் உத்தரவு வரலாம். நல்லது செய்வதாக நினைத்து நீங்கள் தெருப் பெயரையும் வாசல் அடையாளத்தையும் எழுதிவிட்டால், அந்தக் குடும்பம் இரண்டு பெட்டியோடு நடுத்தெருவில் நிற்கும். வீட்டுக்காரரைப் பாவியாக்குவதும் சுலபம். அவரே பல நேரம் பத்து இருபது வருஷத்துக்கு முன்னால் குடியேறியவராக இருப்பார், அந்த வாடகையில்தான் வீட்டுக்கடனைக் கட்டிக்கொண்டிருப்பார். அவரிடமும் போய்ப் பேசுங்கள்.

பிள்ளை விஷயம் இன்னும் கனமானது. போனைப் படித்துச் சொன்ன அந்தப் பையன் பயந்து அழுதிருப்பான். கட்டுரைக்கு அது நல்ல தொடக்கமாகத் தெரியும். ஆனால் பதினைந்து வயதில் அவன் தன் பெயரைத் தேடும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும். அம்மா சரி என்று சொன்னது போதாது. அவனுக்குப் புரிகிற வயதென்றால் அவனிடமே எழுதியதைப் படித்துக்காட்டுங்கள். வேண்டாம் என்று அவன் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். நம் சொந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதும் இதேதான். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. எத்தனை நல்ல கட்டுரையாக இருந்தாலும் அதற்காக ஒரு பிள்ளையின் கூச்சத்தை விலையாகக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம் அந்தத் தோழி. ஹெச்-4 விசா மட்டும் இருந்தால் காசுக்கு எழுதக் கூடாது, ஐம்பது டாலரும் சம்பாத்தியம்தான். கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்தால் 2015 முதல் ஈஏடி என்ற வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்த பிறகு எழுதலாம். சும்மா எழுதிக்கொடுத்தால் தப்பில்லையே என்று கேட்பார். பொதுவாகக் காசு கொடுக்கிற பத்திரிகை என்றால் அதிலும் சிக்கல் வரலாம், ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். அதுவரை நோட்டில் எழுதட்டும். மழை பெய்த நாள், பள்ளி மூடிய நாள், பக்கத்து வீட்டில் சொன்னது எல்லாவற்றையும் தேதி போட்டு வைக்கட்டும்.

உங்களுக்குக் காசு விஷயமாக ஒன்று. நியூயார்க் நகரத்தில் 2017 முதலும், மாநிலம் முழுக்க 2024 ஆகஸ்ட் முதலும், உங்களை மாதிரி தனியாக வேலை செய்து கொடுப்பவர்களுக்காக ஒரு சட்டம் இருக்கிறது. 800 டாலரோ அதற்கு மேலோ பெறுகிற வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும். அதில் தேதி குறிக்கவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும். நீங்கள் இருக்கும் ஊருக்கு அந்தச் சட்டம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், இந்த இரண்டையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு கேட்டால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.