முதல் தடவை இரைச்சலாகக் கேட்கும் பாட்டு

வணக்கம். நேயர் ஒருவரின் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன்: “எலக்ட்ரானிக் பாடல்களும் ஆல்டர்நேட்டிவ் பாடல்களும் முதல் தடவை கேட்கும்போது எனக்கு வெறும் இரைச்சலாகவே படுகின்றன. மெட்டே பிடிபடாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடிக்க வைத்துக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?”

உங்களுக்கு இரைச்சலாகக் கேட்டது என்பதை நான் மறுக்க மாட்டேன். பல்லவி எப்போது வரும், அது எப்போது திரும்பும் என்று காத்திருந்தே பழகிய காது, அது வராதபோது இங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் சிகாகோ நகரத்தில் நடந்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி வரியை வாசிக்க ஆள் இல்லாத கிட்டார் கலைஞர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறிய கருவியைச் செய்தது. அதன் ஒலி உண்மையான பேஸ் கிட்டாரைப் போல இல்லாததால் விற்பனையில் எடுபடாமல், 1984-இல் தயாரிப்பே நின்றுபோனது. மலிவு விலைக்குக் கைமாறிய அப்படியொரு கருவியின் குமிழ்களை, ஃப்யூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த இளைஞர்கள், அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திருகிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1987-இல் வெளியான ‘ஆசிட் டிராக்ஸ்’. வெளியாவதற்கு முன்பே ராண் ஹார்டி என்ற டிஜே அதை மியூசிக் பாக்ஸ் என்ற நடன அரங்கில் ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கவிட்டார் என்றும், முதல் முறை கூட்டம் தளத்தை விட்டு விலகிப் போனது என்றும், நான்காவது முறை அதே கூட்டம் ஆர்ப்பரித்தது என்றும் அக்குழுவின் டிஜே பியர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த இரவில் பாட்டு மாறவில்லை. 11 நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாட்டில், ஒரே சிறு பேஸ் வரி சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டர் குமிழைத் திருகத் திருக, அதே வரி ஒரு சமயம் வாயை மூடிக்கொண்டு முனகுவது போலவும், இன்னொரு சமயம் வாயை அகலத் திறந்து கத்துவது போலவும் நிறம் மாறுகிறது. அந்த நிறமாற்றம்தான் அங்கே மெட்டின் வேலையைச் செய்கிறது. அதைக் கவனிக்கத் தொடங்கியவருக்கு அலுப்புத் தட்டாது.

ஆல்டர்நேட்டிவ், அதாவது வழக்கமான பாணியிலிருந்து விலகிச் செல்லும் ராக் இசையின் பக்கம் வந்தால், கிட்டார் குழுவாகப் பெயர் பெற்ற ரேடியோஹெட் 2000-இல் ‘கிட் ஏ’ தொகுப்பை வெளியிட்டபோது ரசிகர்கள் பலர் திகைத்துப் போனார்கள். அதன் முதல் பாட்டில் கிட்டாருக்குப் பதிலாக, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் ஒரு சிந்தசைசரும், துண்டு துண்டாக வெட்டி ஒட்டப்பட்ட பாடகரின் குரலும் வருகின்றன. நான் முதல் தடவை தொடையில் தட்டிக்கொண்டே கேட்டபோது, எட்டு எண்ணி முடித்த இடத்தில் வரி முடியாமல் என் கை தடுமாறியது. பத்து எண்ண வேண்டும் என்று புரிய எனக்கு இரண்டு நாளாயிற்று. புரிந்த பிறகு அதே பாட்டு ஊஞ்சல் போல ஆடத் தொடங்கியது.

இனி, ஏமாற்றிக்கொள்வது பற்றி. ஒன்றைப் பல தடவை எதிர்கொள்வதாலேயே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் ஐயம் ஆதாரம் உள்ளது. நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: ஒவ்வொரு தடவையும் முன்பு கேட்காத ஏதாவது ஒன்று காதில் விழுந்தால் அது ரசனை, எதுவும் புதிதாக விழாமல் பழகிப்போனால் அது வெறும் பழக்கம். மூன்று தடவை கேட்டும் எதுவும் விழாத பாடல்கள் எனக்கும் உண்டு, அவற்றை நான் தயங்காமல் விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரு வேண்டுகோள். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் பேஸ் ஒலி ஏறக்குறைய வருவதே இல்லை; இவ்வகைப் பாடல்களின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. இன்றிரவு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ‘ஆசிட் டிராக்ஸ்’ பாட்டின் முதல் நான்கு நிமிடங்களை மட்டும், அந்தப் பேஸ் வரி எங்கே வாயைத் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே கேளுங்கள். எந்த நிமிடத்தில் திறந்தது என்று எனக்கு எழுதுங்கள்.