வாயில் வராத ஆங்கிலம்

வணக்கம் மக்களே! மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பேசுகிறேன், நடுவில் மோனோரயில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் டியூஷனுக்கு வரும் படிவம் 4 பிள்ளைகளிடம், அதாவது பதினாறு வயதுக்காரர்களிடம், ஆங்கிலம் பிடிக்குமா என்று கேட்டால், "பிடிக்கும் டீச்சர், வாயில்தான் வராது" என்பார்கள். அப்படிச் சொன்ன பையன் ஒருவன் ராத்திரியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மொபைல் லெஜண்ட்ஸ் என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறான். முகம் தெரியாத பிலிப்பைன்ஸ்காரனிடம் ஆங்கிலத்தில் அப்படி ஒரு சண்டை! அவன் அம்மா ரெக்கார்ட் செய்து எனக்கு அனுப்பினார். அதே பையன் வகுப்பில் எழுந்தால் இரண்டு வாக்கியம்தான். மூன்றாவதற்கு ஃபேனைப் பார்க்கிறான்.

காரணம் இலக்கணம் இல்லை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினாலோ, "ரொம்ப ஆக்‌ஷன் போடாதே" என்று, அலட்டிக்கொள்கிறோம் என்பதுபோல், பின்வரிசையிலிருந்து குரல் வரும். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு இடைநிலைப்பள்ளியில் முதலில் மலாயைப் பிடிப்பதே பெரும்பாடு. ஆங்கிலத்துக்கு நேரம் எங்கே? கொள்கையும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போயின, 2012 முதல் படிப்படியாகத் திரும்பின, 2016இல் டி.எல்.பி. என்ற இருமொழித் திட்டத்தில் சில பள்ளிகளில் மறுபடி ஆங்கிலம். அக்கா ஒரு மொழியில், தம்பி வேறு மொழியில் அறிவியல் படித்த வீடுகள் இங்கே உண்டு.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், ஆங்கிலத்தில் இல்லை. "அப்போ ஃபெயில் ஆனாலும் பரவாயில்லைதானே?" என்கிறார்கள். கணக்கு சரிதான். பல்கலைக்கழகம் போக நினைத்தால் மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வு காத்திருக்கிறது, அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

2021 எஸ்.பி.எம்.மிலிருந்து வந்த புதிய ஆங்கிலத் தேர்வில் பேசுவதற்கென்றே தனித் தாள் இருக்கிறது. இரண்டு பேராக உள்ளே போகவேண்டும், கடைசிப் பகுதியில் இருவரும் ஒரு விஷயத்தை விவாதிக்கவேண்டும். அதற்குப் பயிற்சி எடுக்க வந்த ஒரு மாணவி, "இன் மை ஒப்பினியன்" என்று தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள். பக்கத்திலேயே "சிரி" என்று ஒரு குறிப்பு!

இப்போது என் வகுப்பில் ஒரே சட்டம்தான்: ஒருவர் பேசி முடிக்கும்வரை நான் உட்பட யாரும் திருத்தக் கூடாது. முன்பைவிடப் பேசுகிறார்கள், தப்பும் தவறுமாக, ஆனால் நிறைய. அடுத்த வீடியோவில் இரண்டு பேரை உட்காரவைத்து அந்த விவாதத்தை நடத்திக் காட்டுகிறேன். முகத்தைக் காட்டக் கூடாதாம், குரல் மட்டும்தானாம். சரி என்று சொல்லிவிட்டேன்.