நீர்க்கடுப்பும் கல்லாவில் கிடக்கும் சாவியும்

(வணிகர் சங்க மண்டபத்தில் நடந்த மகளிர் நாள் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, மேடையில் நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, இந்தச் சித்திரை வெயில்போன்ற வெயிலில் மூன்று பொன்னாடை போர்த்தி என்னை வியர்க்கவைத்த தோழிகளே, கடையிலிருந்து நேராக வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் பெண்பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய டாக்டர் ஐயா நான் சொல்ல இருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டார். பெரியவர், சொல்லலாம்.

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் லேபில் ஊரார் சிறுநீரைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள். நீர்க்கடுப்புக் கிருமி எதைத் தின்கிறது, தின்று எதைக் கழிக்கிறது, மருந்துக்கு ஏன் சில சமயம் மசிய மாட்டேன் என்கிறது, இந்த மூன்றையும் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் அப்பத்தா சொன்னது: ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், திரும்ப வருவேன்.

நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு ஈ.கோலை என்ற கிருமிதான் காரணம். 1885-இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்தது. குடல்தான் அதற்குச் சொந்த ஊர், அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து தப்பி மூத்திரப்பைக்கு ஏறினால்? சர்க்கரை வியாதி இல்லாதவர் சிறுநீரில் சர்க்கரை இல்லையென்றே சொல்லலாம். யூரியா, உப்பு, கொஞ்சம் புரதத் துணுக்கு, அவ்வளவுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹாரி மாப்ளி குழுவினர் 2009-இல் இதை எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரையை உடைக்கும் மரபணுவைக் கெடுத்தார்கள், கிருமி அசரவில்லை. புரதத் துணுக்கை உள்ளே இழுக்கும் மரபணுவைக் கெடுத்ததும் தடுமாறிவிட்டது. அதாவது வந்த இடத்தில் சமையலையே மாற்றிக்கொள்கிறது. புரதத் துணுக்கைத் தின்று, தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே செய்துகொள்கிறது. இரும்புச் சத்து கிடைக்காவிட்டால் அதைக் கவ்விவர ஒரு பொருளைச் சுரந்து வெளியே அனுப்புகிறது. நம் உடம்பு அந்தப் பொருளையே மடக்கிப் பிடிக்க ஒரு புரதம் வைத்திருக்கிறது. கிருமி உடனே வேஷம் மாற்றி இன்னொன்றை அனுப்புகிறது. திருடன் போலீஸ் விளையாட்டுதான்.

தீனி சரியாக அமைந்தால் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். காலை பத்து மணிக்கு ஒன்று என்று வையுங்கள். மதியம் இரண்டு மணிக்கு 4096. இடையில் ஒரு தடவை போய்விட்டு வந்தால் பெரும்பகுதி வெளியே போய்விடும். லேபில் சிறுநீரில் ஸ்ட்ரிப் என்ற சோதனைப் பட்டையை முக்கி ரோஸ் நிறம் வருகிறதா என்று பார்ப்போம். சிறுநீரில் உள்ள நைட்ரேட் என்ற உப்பைக் கிருமி நைட்ரைட்டாக மாற்றியிருந்தால்தான் அந்த நிறம் வரும், அதற்குச் சிறுநீர் நாலு மணி நேரமாவது உள்ளே தங்கவேண்டும். அடக்கிவைத்த நீர் டெஸ்டுக்கு நல்லது, ஆளுக்கு நல்லதில்லை. அப்பத்தா ஸ்ட்ரிப்பைக் கண்டதில்லை.

சரி, எதைக் கழிக்கிறது? எங்கள் தெருவில் ஒரு பாட்டி. இடுப்பெலும்பு முறிந்து படுக்கை, டியூப் போட்டுப் பை மாட்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மருமகள் பையைக் காலிசெய்யப் போனால் பை முழுக்கக் கத்தரிப்பூ நிறம்! அலறிவிட்டாள். நாத்தனார் செய்வினை என்றாள். பெரிய மகன் பீட்ரூட் பொரியல் என்றார். பாட்டி பீட்ரூட்டைத் தொட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பூசாரி வந்து பையைச் சுற்றி நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். எதிர்வீட்டுப் பையன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கடைசியில்தான் என்னைக் கூப்பிட்டார்கள், "அக்கா, இது நீங்கள் பார்த்த வேலைதானே." ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். டம்ளரில் சாதாரண மஞ்சள்தான். நிறம் அத்தனையும் பை பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தது. பாட்டிக்கு எட்டு நாளாக மலச்சிக்கல் என்றும் சொன்னார்கள். அங்கேதான் முடிச்சு. பருப்பிலும் பாலிலும் இருக்கிற டிரிப்டோஃபான் என்ற புரதக் கூறைக் குடல் கிருமி இண்டோல் என்ற பொருளாக்குகிறது, மலம் தேங்கத் தேங்க இன்னும் அதிகமாக. கல்லீரல் அதை மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. பையிலும் டியூப்பிலும் குடியேறிய கிருமி அதை உடைக்க, காற்றுப் பட்டு நீலமும் சிவப்பும் பிறக்கின்றன. அந்த நீலம் வேறொன்றுமில்லை, திண்டிவனம் பக்கம் அவுரி இலையை ஊறவைத்து எடுக்கிறார்களே, அதே நீலம். டாக்டரைப் பார்த்து, டியூப்பும் பையும் மாற்றி, மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தபின் சரியாயிற்று. எலுமிச்சம்பழம் வேலைசெய்தது என்று பூசாரி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யூரியாவை அம்மோனியாவாக்கிக் கல் கட்டவைக்கும் புரோட்டியஸ் என்றொரு கிருமி உண்டு. அதற்குள் போனால் செயலாளர் மணியடிப்பார்.

நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். ஆணுக்குச் சிறுநீர்ப் பாதை இருபது சென்டிமீட்டர், பெண்ணுக்கு நாலு, கிருமி சீக்கிரம் ஏறிவிடும். பல்கேரியாவில் அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை எடுத்து, பாதிப் பேரைத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2. ஆய்வு வெளிவந்தது 2018-இல். நல்லது. பின்னால் நிற்கிற பிள்ளைகளே, ஒன்றரை லிட்டரைக் குடித்துவிட்டு எங்கே போவீர்கள்? காலையில் வீட்டில் நிரப்பிய பாட்டில் இரவு அப்படியே திரும்பிப் போகிறது, நான் பஸ்ஸில் பார்க்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் சட்டம் போட்டது. உட்காரலாம். எழுந்து போக? ஆத்திரத்தை அடக்கு என்றால் இந்தப் பிள்ளைகள் வாடிக்கையாளர் முன்னால் பத்து மணி நேரம் அடக்குகிறார்கள். மற்றதையும் சேர்த்து.

மணி அடித்துவிட்டார்கள். மருந்து விஷயத்தை டாக்டர் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எந்தக் கடையின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் நம் கடைத்தெருவில் ஒரு கடை மாடியில் டைல்ஸ் போட்ட கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி கல்லாவில் கிடக்கிறது. தலைவர் ஐயா, நாளையிலிருந்து அந்தச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று இந்த மைக்கிலேயே சொல்லிவிடுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.