அகராதி அர்த்தம் சரிதான், ஆனா இடியம் ஏன் சறுக்குது?

வணக்கம் மக்களே! இன்னைக்கு இங்கிலீஷ் இடியம்ஸ், அதாவது வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்த்தா பிடிபடாத மரபுத்தொடர்கள். நூறு இடியம், நூறு அர்த்தம்னு பட்டியல் வாசிக்கப் போறதில்ல. அது மனப்பாடம் ஆகும், வாயில வராது. ஒண்ணை எடுத்துப் பிரிச்சு மேஞ்சிடலாம்: 'கிக் தி பக்கெட்'.

அர்த்தம் 'செத்துப்போறது'. சரி, அதை நம்பி, அப்பாவைப் பறிகொடுத்தவர்கிட்ட 'யுவர் ஃபாதர் கிக்ட் தி பக்கெட்'னு சொன்னா? துக்க வீட்டுல போய் 'உங்கப்பா மண்டையைப் போட்டுட்டாராமே'ன்னு கேட்ட மாதிரி இருக்கும்! அங்க 'பாஸ்ட் அவே'தான் சொல்லணும். மாணவர்களுக்கான அகராதியில அர்த்தத்துக்குப் பக்கத்துலயே 'இன்ஃபார்மல்', 'ஹ்யூமரஸ்', 'ஓல்ட்-ஃபேஷன்ட்'னு சின்னதா ஒரு குறிப்பு இருக்கும். நாம தாண்டிப் போறது அதைத்தான். முதல்ல அதைப் படிங்க.

அடுத்து, எவ்வளவு மாத்தலாம்? இதுல காலத்தை மாத்தலாம்: கிக், கிக்ட். 'தி'க்குப் பதிலா 'எ' போட்டாலோ, 'தி பக்கெட் வாஸ் கிக்ட்'னு செயப்பாட்டுவினை ஆக்கினாலோ, சாவு காணாமப் போயிடும், நிஜ வாளிதான் உருளும். ஆனா 'ஸ்பில் தி பீன்ஸ்' அப்படி இல்ல. ரகசியத்தைப் போட்டு உடைக்கிறதுன்னு அர்த்தம். பீன்ஸ்தான் ரகசியம், கொட்டுறதுதான் வெளிய சொல்றதுன்னு பங்கு பிரிக்க முடியுது பாருங்க. அதனால 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்'னு தாராளமா சொல்லலாம். வாளியில அந்தப் பங்கே கிடையாது, அதான் அவ்வளவு இறுக்கம்.

தமிழ்ல ஒத்துப்போற மாதிரி இருக்கிறதுதான் பெரிய வில்லங்கம். 'புல்லிங் மை லெக்'னா, பொய்யைச் சொல்லி விளையாட்டுக்கு நம்ப வைக்கிறது. 'ஆர் யூ புல்லிங் மை லெக்?' அப்படின்னா 'சும்மா கதை விடுறியா?' நாம 'கடைசி நேரத்துல காலை வாரிட்டான்'னு சொல்றோமே, அது வேற. அதுக்கு 'ஹி லெட் மீ டவுன்'. ரெண்டுலயும் கால் இருக்கேன்னு மாத்திச் சொன்னா, துரோகத்தைத் தமாஷ்னு சொன்னதாகிடும்.

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'... விடுங்க, பழைய வாசனை அடிக்குது. 'இட்ஸ் போரிங்' போதும். சலிப்புத்தட்டுற போரிங் (boring) இல்லைங்க, மழை கொட்டுற போரிங் (pouring)! தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணா நிக்குது, உச்சரிப்புல 'ப'வை அழுத்துங்க.

கடைசியா ஆபீஸ் மீட்டிங்ல வர்ற ஒண்ணு: 'லெட்ஸ் டேபிள் திஸ்'. பிரிட்டன்காரர் சொன்னா, 'இதை இப்பப் பேச எடுப்போம்'. அமெரிக்கர் சொன்னா, 'இதை இப்போதைக்கு ஒத்திவைப்போம்'. நேர் எதிர்! ரெண்டு ஊர்க்காரரும் ஒரே மீட்டிங்ல இருந்தா தலையாட்டிடாதீங்க. 'டு யூ மீன் நவ், ஆர் லேட்டர்?'னு அங்கேயே கேட்டுடுங்க.