மழை பெய்தால் வெட்டு இல்லை

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில இலக்கணம் என்றதும் வானொலியை அணைக்கப் போகிற கை கொஞ்சம் பொறுக்கட்டும். இங்கே கரும்பலகையும் இல்லை, பரீட்சையும் இல்லை. நாம் போகப்போவது ரப்பர் தோட்டத்துக்கு.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்திய காலம். ஜூன் மாதம், வெளியே நல்ல மழை. 'இஃப்' வைத்த வாக்கியங்கள் அன்றைய பாடம். 'இஃப் இட் ரெயின்ஸ், மை ஃபாதர் வில் நாட் கோ டு வொர்க்' என்று எழுதிப்போட்டேன். மழை பெய்தால் அப்பா வேலைக்குப் போக மாட்டார். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா பால்வெட்டுக்குப் போகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். "சாரே, மழ பெஞ்சா எப்பவுமே வெட்டு இல்லியே. பெறவு 'வில்' எதுக்கு?"

ரப்பர் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பால் வெட்டுகிறவர் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டின கோட்டு வழியே போகாமல் மரமெல்லாம் பரவும். பால் பிடிக்கிற சிரட்டையில் விழுகிற பாலும் மழைத்தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. அந்த வீடுகளில் மழை பெய்கிற நாள் கூலி இல்லாத நாள். பையன் இலக்கணம் கேட்கவில்லை, தன் வீட்டைச் சொன்னான். ஆனால் அதுதான் இலக்கணம்!

எப்போதும் அப்படித்தான் என்றால் 'வில்' வேண்டாம்: 'இஃப் இட் ரெயின்ஸ், மை ஃபாதர் டஸ் நாட் கோ டு வொர்க்.' இதை ஜீரோ கண்டிஷனல் என்பார்கள். நாளைக்குக் காலையில் பெய்தால் நாளைக்கு மட்டும் என்ன ஆகும் என்று பேசும்போது 'வில்' வரும். அது ஃபர்ஸ்ட் கண்டிஷனல். அப்போதும் 'வில்' பின்பாதியில்தான். 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதிய விடைத்தாள்களை எத்தனை திருத்தியிருப்பேன்! எதிர்காலம்தானே என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள், பாவம்.

அதே பையன் இரண்டு நாள் கழித்து மறுபடி எழுந்தான். "நாளைக்கு நடக்கப் போறதச் சொல்ல 'ரெயின்ட்' எதுக்கு சாரே? அது நேத்து பெஞ்சதுல்லா?" நடக்காத, நடக்க வாய்ப்பு குறைந்த காரியத்தைச் சொல்கிற செகண்ட் கண்டிஷனல் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது, தமிழிலும் நாம் அதைத்தானே செய்கிறோம். நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வந்தான், வந்தால். போனான், போனால். தின்றான், தின்றால். நாளைக்கு வருவதைப் பற்றித்தான் பேச்சு, ஆனாலும் 'வருவால்' என்று சொல்கிறோமா? 'வருகிறால்' என்று சொல்கிறோமா? இறந்தகாலச் சொல்லின் முதுகில்தான் 'ஆல்' ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆக, இறந்தகால வடிவம் என்றால் நேற்று என்று மட்டும் பொருளில்லை. தள்ளி நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று என்பது காலத்தால் தள்ளி நிற்கிறது, நடக்காத காரியம் நிஜத்திலிருந்து தள்ளி நிற்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே வடிவம் போதும். ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு நடக்கிறதும் 'பெய்தால்'தான், நடக்காததும் 'பெய்தால்'தான். குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அதை வினைச்சொல்தான் காட்ட வேண்டும்.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விருந்தாளியிடம், 'இஃப் ஐ ஹேவ் எ கார், ஐ வில் டேக் யூ டு திற்பரப்பு' என்றேன். கார் இருந்தால் அருவிக்குக் கூட்டிப்போவேன் என்று சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது. மனிதர் மறுநாள் காலையில் துண்டோடு தயாராக நிற்கிறார்! 'ஹேட்', 'வுட்' என்று சொல்லியிருந்தால் என்னிடம் கார் இல்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். அப்புறம் இரண்டு பேரும் பஸ்ஸில்தான் போனோம்.

இப்போது நான் சொன்ன 'சொல்லியிருந்தால், புரிந்திருக்கும்' இருக்கிறதே, அதுதான் மூன்றாவது வகை. நடந்து முடிந்ததைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. ஏற்கெனவே நேற்று, அதிலும் நடக்காதது. அதனால் இன்னும் ஒரு படி தள்ளி 'ஹேட்' போட்டு, பின்பாதியில் 'வுட் ஹேவ்' வரும். இதற்குச் சூத்திரம் தேவையில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். மேற்கே ரப்பரும் வாழையும் சாய்ந்தன. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கடற்கரை ஊர்களில் பல வீடுகளில் நான் கேட்டது ஒரே வாக்கியம். "முன்னமே தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டான்." 'இஃப் ஹி ஹேட் நோன், ஹி வுட் நாட் ஹேவ் கான்.' எந்தப் புத்தகத்து உதாரணத்தையும் அதற்குப் பிறகு நான் வகுப்பில் சொன்னதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. 'இஃப் ஐ வேர் யூ' பற்றிச் சொல்ல நினைத்தேன், நடக்காது. 'அன்லெஸ்' மட்டும் சொல்லிவிடுகிறேன். 'பெய்யாவிட்டால்' என்பதில் இருக்கிற அந்த 'இல்லை', 'அன்லெஸ்'ஸுக்குள்ளேயே இருக்கிறது. 'அன்லெஸ் இட் ரெயின்ஸ், ஹி வில் கோ' போதும். அதற்குள் 'நாட்' ஒன்றைச் சேர்த்தீர்களோ, அப்பாவை மழையில் வெட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். வணக்கம்.