போர்டுல என்ன எழுதியிருக்குன்னு இல்ல, அது எங்கே நிக்குதுன்னு பாருங்க

[காட்சி: வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு, விடியற்காலை. தெருமுனையில 10-க்கு 8 அடி பிளக்ஸ்.]

இந்த பிளக்ஸை முன்னாடி நின்னு பார்க்காதீங்க. என்கூட பின்பக்கம் வாங்க.

ரெண்டு சவுக்குக் கட்டை. குறுக்கே நாலு ரீப்பர். மூலைக்கு மூலை கட்டுக்கம்பி முறுக்கியிருக்கு. கீழே தார் ரோட்டைக் கடப்பாரையால குத்தி ரெண்டு குழி. ஒரு கட்டைய நைலான் கயிறு போட்டு கரண்ட் கம்பத்தோட சேர்த்துக் கட்டியாச்சு. துணிக்கு நடுவுல ஏழெட்டு இடத்துல பிறை மாதிரி பிளேடால கீறி விட்டிருக்காங்க. அது எதுக்குன்னு கட்டிக்கிட்டிருந்த தம்பிகிட்ட கேட்டேன். "ஓட்டை போடலைன்னா காத்து தூக்கிடும்ணா"ன்னு சொன்னார்.

காத்து எவ்வளவு தூக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். காத்தோட வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர்னு எடுத்து, அதை அதாலயே பெருக்கி, திரும்ப 0.6-ஆல பெருக்கினா, ஒரு சதுர மீட்டர் மேல எத்தனை நியூட்டன் அழுத்தம்னு வந்துடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காத்துல இந்த 10-க்கு 8 பிளக்ஸ் மேல விழற தள்ளு கிட்டத்தட்ட 90 கிலோ. ஒரு பெரிய ஆள் முழு எடையையும் போட்டு சாய்ஞ்ச மாதிரி. காத்து ரெட்டிப்பாச்சுன்னா தள்ளு நாலு மடங்கு. அதாவது 100 கிலோமீட்டர் வேகத்துல 350 கிலோ. மொட்டை மாடியில 30-க்கு 20 அடி ஹோர்டிங் ஒண்ணு இருந்தா, அதே காத்துல அது தாங்க வேண்டியது இரண்டரை டன்னுக்கும் மேல. அந்தக் கீறல் இதுல பெரிசா எதையும் குறைக்காது. கீறின இடத்துலருந்துதான் துணி கிழியவே ஆரம்பிக்கும்.

மே மாசத்துல வேலூர்ல சாயங்காலம் திடீர்னு புழுதி கிளப்பிக்கிட்டு கோடை மழைக் காத்து வருமே, அதை நினைச்சுக்கிட்டு இந்தக் கணக்கைப் பாருங்க.

[காட்சி: கருப்புத் திரை. தேதிகள் ஒண்ணொண்ணா.]

2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணை. ஸ்கூட்டர்ல வேலை முடிஞ்சு வந்துக்கிட்டிருந்த 23 வயசு இன்ஜினியர் பொண்ணு மேல, மீடியன்ல கட்டியிருந்த கல்யாண பேனர் சரிஞ்சு விழுந்தது. பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறி இறந்துட்டாங்க.

2023 ஜூன் 1. கோவை கருமத்தம்பட்டி. ஹோர்டிங்கோட இரும்புச் சட்டத்துல வேலை பார்த்துக்கிட்டிருந்தவங்க மேலேயே அது சரிஞ்சு 3 தொழிலாளிங்க உயிரிழந்தாங்க.

2024 மே 13. மும்பை காட்கோபர். பெட்ரோல் பங்க் மேல ஹோர்டிங் விழுந்து 17 பேர். அந்த ஊர் மாநகராட்சி அனுமதிக்கிற அதிகபட்ச அளவு 40-க்கு 40 அடி. விழுந்தது 120-க்கு 120. பரப்பளவுல 9 மடங்கு.

இந்த மூணுலயும் போர்டுல என்ன அச்சடிச்சிருந்ததுங்கிறது யாரையும் கொல்லல. அது நின்ன இடமும், நிறுத்தின விதமும்தான் கொன்னது. நம்ம விதிகளும் முக்கியமா பார்க்கிறது அதைத்தான்.

[காட்சி: மூணு படம். கடைப் பலகை, ஹோர்டிங், பேனர்.]

பேச்சுல எல்லாத்தையும் போர்டுன்னு சொல்லிடறோம். ஆனா மூணும் வேற வேற. கடைக்காரர் தன் கடை மேல தன் பேரை எழுதிக்கிறது பெயர்ப் பலகை. அதுல தமிழ் முதல்ல, பெரிசா இருக்கணும், பிறகு ஆங்கிலம், அப்புறம்தான் மத்த மொழி. 5:3:2-ங்கிற அந்த விகிதம் பலருக்குத் தெரியும். காந்தி ரோட்டுல லாட்ஜ் வாசல்ல வங்காளி எழுத்தைப் பார்த்திருப்பீங்க. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு அவ்வளவு தூரத்துலருந்து வர்றவங்களுக்கு அது பெரிய உதவி. அதை எடுக்கணும்னு யாரும் சொல்லக்கூடாதுங்கிறது என் எண்ணம். தமிழ் தனக்கு உரிய இடத்துல இருந்தா போதும்.

ரெண்டாவது ஹோர்டிங். வேற எங்கேயோ விக்கிற பொருளுக்கு, வேற யாரோ வாடகைக்கு எடுத்து வைக்கிற நிரந்தர விளம்பரம். மூணாவது பேனர், பிளக்ஸ். சில நாளைக்கு மட்டும். இந்த ரெண்டுக்கும் முன் அனுமதி வேணும்.

ஹோர்டிங்கை எங்கே வைக்கக் கூடாதுன்னு 2003-ல வந்த தமிழ்நாடு விதிகள்லயே தெளிவா இருக்கு. பள்ளி, கல்லூரி முன்னாடி கூடாது. வழிபாட்டுத் தலம் முன்னாடி கூடாது. உள்நோயாளிங்க தங்கி சிகிச்சை எடுக்கிற ஆஸ்பத்திரி முன்னாடி கூடாது. ரோடு முனையிலயும், சந்திப்புக்கு ரெண்டு பக்கமும் 100 மீட்டருக்குள்ளயும் கூடாது. வரலாற்றுச் சிறப்புள்ள இடத்துக்கு முன்னாடி கூடாது.

[காட்சி: வேலூர் வரைபடம். ஒவ்வொரு இடமா சிவப்பு வட்டம்.]

இந்தப் பட்டியலை நம்ம ஊர் வரைபடத்து மேல வச்சுப் பாருங்க. சிஎம்சி வாசல், ஆற்காடு ரோடு. உள்நோயாளி ஆஸ்பத்திரி. கோட்டையைச் சுத்தி, வரலாற்றுச் சின்னம். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிறதால சுத்தி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு அப்பால 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதின்னு கட்டுமானங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கு. கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலும் இருக்கு. கிரீன் சர்க்கிள், ராஜா தியேட்டர் சிக்னல், காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாப்னு சந்திப்புக்கு 100, 100 மீட்டர் விட்டுப் பாருங்க. விளம்பரக்காரங்க அதிகம் ஆசைப்படற இடமெல்லாம் கிட்டத்தட்ட இந்த வட்டங்களுக்குள்ளதான் வருது. கூட்டம் நின்னு திரும்பிப் பார்க்கிற இடம் விளம்பரத்துக்கு நல்ல இடம். வண்டி ஓட்டறவர் கண்ணை எடுக்கவே கூடாத இடமும் அதேதான்.

ஏன் 100 மீட்டர்? வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல போனா விநாடிக்கு 16 மீட்டருக்கும் மேல நகருது. ரெண்டு விநாடி போர்டைப் பார்த்தா 33 மீட்டர் ரோட்டைப் பார்க்காமலே ஓட்டியிருக்கீங்க. ரோட்டுலருந்து ரெண்டு விநாடிக்கு மேல கண்ணை எடுத்தா விபத்து வாய்ப்பு குறைஞ்சது ரெண்டு மடங்கு ஆகுதுன்னு அமெரிக்காவுல வர்ஜீனியாவில 100 கார்ல கேமரா வச்சு செஞ்ச ஆய்வு 2006-லயே காட்டிடுச்சு.

[காட்சி: இரவு. எல்இடி போர்டு வெளிச்சம் பைக் ஓட்டறவர் ஹெல்மெட் கண்ணாடியில மாறி மாறி.]

இப்ப எல்இடி போர்டு. எனக்கு ரொம்பக் கவலை தர்றது இதுதான்.

துணி பிளக்ஸ் சும்மா நிக்கும். எல்இடி தானே வெளிச்சம் விடும், படமும் மாறும். வெளிச்சத்தை நிட்டுங்கிற அளவுல சொல்லுவாங்க. நம்ம ஊர் உச்சி வெயில்ல திரை தெரியணும்னா 5,000 நிட்டாவது வேணும். ராத்திரிக்கு சில நூறு நிட் போதும். மதியம் வச்ச அளவை யாரும் குறைக்காம விட்டா என்ன ஆகும்? அந்த வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அடுத்த சில விநாடி இருட்டுல எதுவும் பிடிபடாது. கருப்புச் சட்டை போட்டுக்கிட்டு ரோட்டைக் கடக்கிறவர், லைட் இல்லாத சைக்கிள், படுத்திருக்கிற மாடு, எதுவுமே தெரியாது. சிவப்பும் பச்சையும் சிக்னலுக்குப் பின்னாடியே மின்னினா எது சிக்னல்னு தேடணும்.

சரிபண்றது கஷ்டமே இல்ல. சுத்தி இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்துத் தானா மங்குற சென்சார் இருக்கு. படம் எவ்வளவு நேரம் அசையாம நிக்கணும்னும் வரையறுக்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் 2007-ல கொடுத்த வழிகாட்டுதல் ஒரு படத்துக்கு 8 விநாடி. வீடியோ ஓடவே கூடாது. வேலூர்ல ஒவ்வொரு எல்இடி உரிமத்துலயும் இந்த மூணையும் நிபந்தனையா எழுதணும்: ராத்திரி வெளிச்ச அளவு, படம் நிக்கிற நேரம், சந்திப்புலருந்து தூரம். பத்து போர்டு இருக்கும்போது எழுதினா ஒரு நாள் வேலை. இருநூறு வந்தப்புறம் எழுதினா கோர்ட்டு கேஸ்.

[காட்சி: விண்ணப்பம், சான்றுகள்.]

அனுமதி கேட்கிறது மாநகராட்சிகிட்ட. இடத்துக்காரர் சம்மதம், போலீஸ் தடையின்மைச் சான்று, இரும்புச் சட்டம் காத்தைத் தாங்கும்னு பொறியாளர் கொடுக்கிற உறுதிச் சான்று எல்லாம் வேணும். 2023-ல வந்த புது நகர்ப்புற உள்ளாட்சி விதிகளுக்கு அப்புறம், அனுமதி இல்லாம ஹோர்டிங் வச்சா 3 வருஷம் வரை சிறை, இல்ல 25,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும்னு அரசு அறிவிச்சது. விழுந்து ஆள் இறந்தா, விளம்பர நிறுவனம் மட்டுமில்ல, இடத்தை வாடகைக்கு விட்டவரும் பதில் சொல்லணும். மாடியை ஹோர்டிங்குக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரங்க இதைக் கவனிங்க. அந்தப் பொறியாளர் சான்றோட நகல் உங்க பீரோவுல இருக்கணும்.

கட்சிக்காரங்களை மட்டும் சொல்லிட்டுப் போறது நியாயம் இல்ல. நம்ம தெருவுல நிக்கிறதுல பாதி மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. எங்க பெரியப்பா தவறினப்போ தெருமுனையில அஞ்சலி பிளக்ஸ் கட்டச் சொன்னது நான்தான். அவர் முகம் மெயின் ரோட்டுலருந்தே தெரியணும்னு ஆசைப்பட்டேன். அனுமதி கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. மூணாம் நாள் காலையில சைக்கிள்ல வந்த ஒரு ஸ்கூல் பையன் திருப்பத்துல ஆட்டோவைப் பார்க்கல, ஆட்டோக்காரரும் அவனைப் பார்க்கல. முழங்கை எலும்பு முறிஞ்சுது. பெரியப்பா முகத்தை நானே கம்பி அறுத்து இறக்கினேன். அவங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டல. "துக்க வீடு, என்னத்த சொல்றது தம்பி"ன்னாங்க. இந்த வீடியோ எடுத்ததே அதனாலதான்.

[காட்சி: பேனரோட கீழ் ஓரம், கிட்டத்துல.]

இனிமே ஒரு பேனரைப் பார்த்தா கீழ் ஓரத்தைப் பாருங்க. அனுமதி எண், எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைன்னு அங்கே அச்சடிச்சிருக்கணும். இல்லைன்னா, தேதி தாண்டிடுச்சுன்னா, மாநகராட்சி அலுவலகத்துல எழுதிக் கொடுங்க. அங்கே நகரலைன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்வு நாள் மனு.

போட்டோ எடுக்கும்போது போர்டை மட்டும் எடுக்காதீங்க. பத்தடி பின்னால வந்து, அது மறைக்கிற திருப்பம், சிக்னல், பக்கத்துல இருக்கிற கரண்ட் கம்பம் எல்லாம் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுங்க. ரோட்டுல குத்தின குழியையும் சேர்த்து எடுங்க.