தாத்தா 95 வரை வாழ்ந்தால் உங்களுக்கும் ஆயுள் கெட்டியா? மரபணு சொல்லும் பதில்

வணக்கம் நண்பர்களே! ஒரு புழு. நீளம் 1 மில்லிமீட்டர்தான். மூன்று வாரத்தில் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அதன் உடம்பில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் மந்தமாக்கிப் பார்த்தார்கள். ஆயுள் இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது! அதே வகை மரபணு உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அப்படியென்றால் நாம் எத்தனை வருடம் இருப்போம் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறதா? தாத்தா 95 வயதிலும் திடமாக நடமாடினார் என்றால் பேரனுக்கும் கவலை இல்லையா?

புழுவிடம் அப்புறம் வருவோம். முதலில் மனிதர்கள்.

(திரையில்: இரட்டைக் குழந்தைகளின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்)

இந்தக் கேள்விக்கு விடை தேட ஆராய்ச்சியாளர்கள் போய் நின்ற இடம் இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு அப்படியே ஒன்றுதான். தனித்தனிக் கருவில் உருவான இரட்டையர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. முதல் வகையினர் இறக்கும் வயது இரண்டாம் வகையினரைவிட நெருக்கமாக இருந்தால், அந்தக் கூடுதல் நெருக்கம் மரபணுவின் வேலை. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இரட்டையர் ஜோடிகளை வைத்து 1996-ல் இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஆயுள் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு ஆண்களுக்கு 26 சதவீதம், பெண்களுக்கு 23 சதவீதம் என்று வந்தது.

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சுமார் 25 சதவீதம் என்றால், நீங்கள் வாழும் 80 வருடத்தில் 20 வருடம் மரபணு கொடுத்தது என்று அர்த்தமில்லை. ஒருவர் 60-ல் போகிறார், இன்னொருவர் 90 வரை இருக்கிறார் அல்லவா? ஆளுக்கு ஆள் தெரியும் அந்த வித்தியாசத்தில் கால் பங்கை மரபணு வித்தியாசத்தால் விளக்கலாம், அவ்வளவுதான். தனி ஒரு ஆளுக்கு இந்தக் கணக்கு எதையும் சொல்லாது.

சரி, கால் பங்கு என்று முடித்துவிடலாமா? முடியாது. 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

(திரையில்: கிளை கிளையாக விரியும் வம்சாவளி மரம்)

முதுமையை ஆராய்வதற்காகவே தொடங்கப்பட்ட காலிகோ நிறுவனமும், வம்சாவளி விவரங்களைத் திரட்டும் ஆன்செஸ்ட்ரி நிறுவனமும் கைகோர்த்தன. மக்கள் தாங்களே பதிவு செய்து வைத்திருந்த குடும்ப மரங்களை எடுத்தார்கள். பெயர்களை நீக்கி, சந்தேகமானவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் 40 கோடிக்கு மேற்பட்டவர்களின் பிறப்பு, இறப்பு விவரம் கையில் இருந்தது. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர்கள்.

முதலில் வழக்கமான கணக்கு. அண்ணன் தம்பி ஆயுள் ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகிறது. எதிர்பார்த்ததுதான். கணவன் மனைவி ஆயுள்? அதுவும் ஒத்துப்போகிறது. எவ்வளவு தெரியுமா? அண்ணன் தங்கை ஆயுள் ஒத்துப்போவதைவிட அதிகமாக! ரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு பேர். சரி, ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே காற்று, அதனால் இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயம்தான்.

அதனால் அவர்கள் இன்னும் தள்ளிப் போய்ப் பார்த்தார்கள். மச்சான், கொழுந்தன், மைத்துனி. அதையும் தாண்டி, கணவருடைய சித்தப்பா மகன், மனைவியுடைய அத்தை மகள். ரத்தமும் கிடையாது, ஒரே கூரையும் கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் பெரிய விஷயம். அவர்களுடைய ஆயுளும் ஒத்துப்போனது!

எப்படி? இனம் இனத்தோடு சேரும் என்று சும்மாவா சொன்னார்கள். மனிதர்கள் துணையைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதில்லை. படிப்பு, வருமானம், பழக்கவழக்கம், உடல்வாகு என்று ஏதோ ஒரு விதத்தில் தமக்குத் தோதானவரைத்தான் தேடிக்கொள்கிறார்கள். நீண்ட ஆயுளுக்குச் சாதகமான அம்சங்கள், அவை மரபணுவில் இருந்தாலும் சரி, வாழ்க்கை வசதியில் இருந்தாலும் சரி, அதேபோன்ற அம்சங்கள் உள்ளவரோடு போய்ச் சேர்கின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது, குடும்பத்துக்குள் தெரியும் ஒற்றுமை முழுவதையும் மரபணுவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இந்த விளைவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மரபணுவின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: "எங்கள் பரம்பரையே அற்ப ஆயுசு" என்று சொல்லிக்கொண்டு பயந்து வாழ ஒரு காரணமும் இல்லை. பரம்பரையாக வருவது மரபணு மட்டும் இல்லை. புகைப்பழக்கம் வருகிறது, வறுமை வருகிறது, ரத்த அழுத்தத்தைக் கண்டுகொள்ளாத அலட்சியமும் வருகிறது. உங்கள் வீட்டில் அப்படிப் பயப்படுகிறவர் இருந்தால் இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள்.

அப்படியானால் மரபணுவுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. வயது ஏற ஏற அதன் கை ஓங்குகிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடக்கும் நூறு வயதினர் ஆய்வு 2002-ல் சொன்னது இது: நூறைத் தொட்டவர்களின் சகோதரர்கள் தாங்களும் நூறைத் தொடும் வாய்ப்பு, அதே காலத்தில் பிறந்த மற்ற ஆண்களைவிடக் குறைந்தது 17 மடங்கு. சகோதரிகளுக்குக் குறைந்தது 8 மடங்கு. 80 வரை போவதற்கு நல்ல மரபணுவைவிட நல்ல வாழ்க்கை முக்கியம். 100-க்கு மேல் போக மரபணுவும் ஒத்துழைக்க வேண்டும்.

(திரையில்: நுண்ணோக்கியின் அடியில் நெளியும் புழு)

இப்போது புழு. சி. எலிகன்ஸ் என்று பெயர். ஒளி ஊடுருவும் உடம்பு, இனப்பெருக்க செல்களைக் கழித்தால் மொத்தமே 959 செல்கள். ஆய்வகத்தில் ஒரு தட்டில் பாக்டீரியாவைத் தின்றுகொண்டு கிடக்கும். வயதாக ஆக நெளிவது குறைந்து அப்படியே கிடக்கும். உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெல்லிய பிளாட்டினம் கம்பியின் நுனியால் லேசாகத் தொடுவார்கள். அசைந்தால் உயிரோடு இருக்கிறது. அசையாவிட்டால் நோட்டில் இறந்ததாகக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு புழுவாக, முழு ஆய்வுக் காலமும் இதே வேலைதான்.

1993-ல் அமெரிக்க உயிரியலாளர் சின்தியா கென்யனின் குழு, டாஃப்-2 என்ற மரபணு பழுதான புழுக்களை இப்படிக் கவனித்தது. மற்ற புழுக்கள் செத்த பிறகும் இவை நெளிந்துகொண்டிருந்தன. கிழடாகி இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை, இளமையே நீண்டிருந்தது. டாஃப்-2 என்ன வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. "சாப்பாடு இருக்கிறது, வளரு" என்ற இன்சுலின் வகைச் சமிக்ஞையை வாங்கும் வாசல் அது. அந்தச் சமிக்ஞை குறைந்தால் டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு விழித்துக்கொண்டு, செல்லைப் பழுதுபார்க்கும் வேலைகளை முடுக்கிவிடுகிறது. டாஃப்-16-ஐ எடுத்துவிட்டால் கூடுதல் ஆயுளும் போய்விடும்.

மனிதர்களில் டாஃப்-16-க்கு இணையானவற்றில் ஒன்று ஃபாக்ஸோ3. ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களில், மிக நீண்ட ஆயுள் கண்டவர்களிடம் அதன் ஒரு வடிவம் அதிகமாக இருந்ததை 2008-ல் கண்டுபிடித்தார்கள். நாய்களிலும் இதன் சாயலைப் பாருங்கள். சிறிய இனமான சிவாவா சாதாரணமாக 15 வயதைத் தொடும், பெரிய இனமான கிரேட் டேனுக்கு 8 வயதே பெரிது. சிறிய இன நாய்களின் குட்டை உடம்புக்கு முக்கியக் காரணம் ஐஜிஎஃப்-1 என்ற மரபணுவின் ஒரு வடிவம். அதுவும் இதே வளர்ச்சிச் சமிக்ஞையைச் சேர்ந்ததுதான்.

இளமையில் நம்மை வளர்க்கும் மரபணு முதுமையில் ஏன் காலை வாருகிறது? பிள்ளை பெற்று வளர்த்த பிறகு வரும் கெடுதலை இயற்கைத் தேர்வு கிட்டத்தட்டக் கண்டுகொள்வதில்லை. பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவர் 1952-லேயே சொன்னது.

மனிதர்களில் இந்த வளர்ச்சிச் சமிக்ஞை குறைந்தால் என்ன ஆகும்? தென் அமெரிக்காவில் உள்ள எக்வடார் நாட்டின் தென்பகுதி மலைக் கிராமங்களில் லாரன் குறைபாடு உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. வளர்ச்சி ஹார்மோனை வாங்கும் வாசலில் பழுது, அதனால் உயரம் மிகவும் குறைவு. இந்தக் குறைபாடு உள்ள 99 பேரை 22 வருடம் கவனித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட நீரிழிவு இல்லை. புற்றுநோய் ஒரே ஒருவருக்கு, அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. அதே பகுதியில் வாழ்ந்த, குறைபாடு இல்லாத உறவினர்களில் 17 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது!

ஆனாலும் குறைபாடு உள்ளவர்கள் அந்த உறவினர்களைவிட அதிக வருடம் வாழவில்லை. விபத்து, வலிப்பு, குடி, இவைதான் அவர்களில் பலரைக் கொண்டுபோயின. இதெல்லாம் இல்லாதிருந்தால் அந்த மரபணு அவர்களை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கும்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், நான் படிக்கிறேன்.